ஜூலை ஒன்றில் பிறந்தவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு கல்லூரியில் எனக்கு நான்கு மாத வேலை. முடிந்ததும் நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது துறைத்தலைவர் கையில் இருந்தது. முதலாண்டுக்கு நான் புள்ளியியல் எடுக்கும் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார்.

"பேசாம போர்டுல ஃபார்முலாவைப் போட்டுட்டு வந்துடு. வேடிக்கை காட்டறேன்னு மாட்டிக்காதே" என்றார் என் கணவர், மயூர் விஹாரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது.

"ஃபார்முலா போட நான் எதுக்கு? புஸ்தகமே போதுமே" என்றேன். எனக்குப் பயமெல்லாம் இல்லை. நிகழ்தகவை நான் நன்றாகவே நடத்துவேன்.

துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை, பாதி வகுப்பு காலி. இருபத்து மூன்று பேர் கூடினாலே, யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "இங்கே அவ்வளவு பேர் இல்லை, கிடைக்காமலும் போகலாம். கேட்டுப் பார்ப்போமா?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு டெல்லிப் பெண் மார்ச்சில் ஏதோ தேதி சொன்னாள். அடுத்து ஹரியானாப் பையன், ஜூலை ஒன்று. அவன் பின்னால் இருந்த பீகார்ப் பையனும் ஜூலை ஒன்று. வகுப்பே கைதட்டியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கடுத்தவனும் ஜூலை ஒன்று என்றதும் சுர்ரென்று கோபம் ஏறியது.

"என்ன, கிண்டலா?"

ஹரியானாப் பையன் எழுந்து நின்றான். "இல்லை மேடம். பள்ளியில் சேர்க்கும்போது மாஸ்டர்ஜி பிறந்த தேதி கேட்டார். கோதுமை அறுத்த பிறகு பிறந்தான் என்றார் அப்பா. பள்ளி திறக்கும் நாளையே மாஸ்டர்ஜி எழுதிவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்தநாள்."

கைதட்டலோடு விட்டிருந்தால் தலைவரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். விட மனம் வரவில்லை. டஸ்டரை எடுத்து மொத்தக் கணக்கையும் அழித்தேன்.

"இது இங்கே செல்லாது. வருஷத்தில் எல்லா நாளும் சமம் என்று நம்பிப் போட்ட கணக்கு. உங்கள் மாஸ்டர்ஜிக்கு அந்த நம்பிக்கை இல்லை. இனி எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை யார் எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள்" என்றேன். நான் நடத்தியதிலேயே உருப்படியான பாடம் அதுதான், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. துறைத்தலைவர்தான்.

"நானும் ஜூலை ஒன்றுதான் மேடம்" என்றார் இந்தியில். "ஆனால் அம்மா என்னைப் பெற்றது அதற்கப்புறம் வந்த குளிர்காலத்தில். ரஜாய் போர்த்தியும் நடுங்கினாளாம்." பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தார். "அடுத்த வருஷமும் இந்த வகுப்பை நீங்களே எடுங்கள். இன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஏட்டில் இருக்கும் பிறந்த தேதிப்படி ஜூன் கடைசியில் எனக்கு ரிடையர்மென்ட்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குளிர்காலம் வரைக்குமாவது நான் இங்கே இருந்திருக்க வேண்டியவன்" என்றார்.