ஏடன் வழியா, நைரோபி வழியா

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். உலகப் படத்தில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் காட்டவில்லை. திருத்தணியில் நான் வேலை செய்த வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல்தான் அதைப் பார்த்தேன். அந்த மேசையில் பேசி முடிவான பயணத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அவரோடு என் மகளின் வலது கையும் போனது. கைக்கு ஊனம் ஒன்றும் இல்லை. நன்றாக இருந்த கைதான்.

துரை என்று நாங்கள் கூப்பிட்டவர் வெள்ளைக்காரர் அல்ல, சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அரக்கோணத்தில் ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. எங்கள் மலையடிவாரத்தில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். லைசென்சோடு இரண்டு ரைஃபிள் வைத்திருந்தார். அதில் ஒன்று அவர் அப்பாவுடையது. அந்தக் காலத்தில் வேட்டைக்குப் பெர்மிட் கொடுப்பார்கள். நாகலாபுரம் பக்கத்துக் காட்டுக்குப் பன்றிக்கும் கடமானுக்கும் போவார். தடம் பார்த்து முன்னால் நடப்பவர் என் வீட்டுக்காரர். திரும்பி வந்ததும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அவர்தான். வேறு கை பட்டால் துரைக்குப் பிடிக்காது. நான் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

துரையின் தம்பி சாம்பியாவில் ரயில் வேலையில் இருந்தார். ஒரு தடவை வந்து பெரிய வேட்டை ஆடிவிட்டுப் போ என்று வருஷா வருஷம் கூப்பிடுவார். துரைக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இப்போது போகாவிட்டால் இனி இல்லை என்று நினைத்திருப்பார். "என் ஆள் கூட வந்தா வரேன்" என்று எழுதினார். தம்பியும் சரி என்றுவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க துரையிடம் கோட்டு இரவல் வாங்கினார்.

மெட்ராஸில் டிக்கெட் ஆபீசுக்குப் போய் வந்த அன்று துரை உலகப் படத்தை மேசைமேல் விரித்தார். சுட்டுப்போட்ட காலித் தோட்டாக்களை எடுத்து ஊருக்கு ஒன்றாக நிறுத்தினார். பம்பாய், ஏடன், நைரோபி, லுசாகா. அந்தப் பெயர்களெல்லாம் எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆயின.

"டிக்கெட் ஆபீஸ்காரன் என்னா சொல்றான் தெரியுமா, மேன்? துப்பாக்கி கொண்டு போறவன், பிளேன் எவ்ளோ வேகமா போவுதுன்னு பாக்கக் கூடாதாம். எங்கெங்கே எறங்குதுன்னுதான் பாக்கணுமாம். எறங்குற நாட்டுக்கெல்லாம் தனித்தனியா பேப்பர்."

"நாம எறங்காம உள்ளயே குந்திக்கினு இருந்தா, தொரை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ குந்திக்கினு இருப்பே. பெட்டிய எறக்கிடுவான்."

படத்தின் கீழ்க்கோடியில் இன்னொரு தோட்டா நின்றது. ஜோகன்னஸ்பர்க். அந்த ஊர்வரை போய்விட்டால் மேலே போவது சுலபம் என்று தம்பி சொல்லியிருந்தாராம். துரை பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினார். "அந்த நாட்டுக்கு இது செல்லாதுன்னு நம்ம சர்க்காரே அச்சடிச்சுக் குடுத்திருக்கான். அங்கே நெறத்துக்கு நெறம் தனி பெஞ்சு. என்னைப் பாத்தா எந்த பெஞ்சுல ஒக்கார வெக்கிறதுன்னு அவனுக்கே கொழப்பம் வரும்."

"அப்ப நீங்க நின்னுகினேதான் இருக்கணும், தொரை."

துரை சிரித்தபடி அந்தத் தோட்டாவைச் சாய்த்துவிட்டார்.

மிச்சம் இரண்டு வழி. ஏடனில் இறங்கிப் போகும் பிளேன் பிடித்தால் காத்திருக்க வேண்டாம், ஒன்றிலிருந்து இறங்கினால் அடுத்தது உடனே கிடைக்கும். ஆனால் ஏடனில் அப்போது தெருவெல்லாம் சண்டை, குண்டு. இறங்கிய பெட்டியில் ரைஃபிளைப் பார்த்தால் பட்டாளத்துக்காரன் எடுத்து வைத்துக்கொள்வான், திரும்ப வராது என்று டிக்கெட் ஆபீசில் பயமுறுத்தியிருந்தார்கள். இன்னொரு வழியில் பிளேன் எங்கும் இறங்காமல் நேரே நைரோபி போகும். அங்கிருந்து லுசாகா போகும் பிளேனுக்குத்தான் பல நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை துப்பாக்கிகள் அந்த ஊர் போலீஸ் காவலில் இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஏடன்தான் பிடித்திருந்தது. "போனமா வந்தமான்னு இருக்கணும். தெரியாத ஊர்ல குந்திக்கினு இன்னா பண்றது?" என்பார். துரைக்கு அப்பாவின் துப்பாக்கியை நினைத்துப் பயம். ஒரு நாள் இவர் சொல்வது சரி என்பார், மறுநாள் மாற்றிப் பேசுவார். தோட்டாக்கள் மேசையிலேயே நின்றன. நான் அவற்றைச் சாய்க்காமல் சுற்றித் துடைப்பேன். என்னைக் கேட்டிருந்தால் இரண்டும் வேண்டாம் என்றிருப்பேன். கேட்கவில்லை. நானாகப் போய்ப் பேசுகிற சுபாவமும் எனக்கு இல்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "பூ கேட்டுடலாம், தொரை."

எங்கள் பக்கத்தில் இரண்டு மனமாக இருந்தால் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒன்றுபோல மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வோம்.

"ஓ, உங்க சாமிக்கு துப்பாக்கி லைசென்ஸ் ரூல் எல்லாம் தெரியுமா?" என்றார் துரை.

"அவரே கைல வேலு வெச்சுகினு ஊர் ஊரா போனவரு. தெரியாமயா?"

துரை ஒப்புக்கொண்டார். விளையாட்டுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. யாராவது முடிவு செய்து கொடுத்தால் போதும் என்று இருந்தார்.

மலைக் கோயிலுக்குப் படியேறிப் போனோம். நான், அவர், மாமியார், எங்கள் நான்கு வயது மகள். துரை கீழே காரில் உட்கார்ந்திருந்தார். செவ்வரளி ஏடனுக்கு, நந்தியாவட்டை நைரோபிக்கு. ஐயர் பொட்டலங்களைத் தட்டில் போட்டுச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்தார். "எடும்மா கண்ணு" என்றார் மாமியார். மகள் ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதை எடுத்தாள். நந்தியாவட்டை. மாமியார்தான் அவளைத் தூக்கி அந்தக் கையில் முத்தம் கொடுத்தார். "எம் புள்ளைக்கு நல்ல வழி காட்டிட்டா" என்று கீழே இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அரக்கோணத்தில் பம்பாய் ரயில் ஏற்றிவிட மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் துப்பாக்கிகளின் சுடும் பூட்டைத் தனியாகக் கழற்றி, என் பழைய புடவைத் துணியில் சுற்றி, நீளப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளுவதிலேயே அவர் கவனமெல்லாம் இருந்தது. ரயில் நகர்ந்தபிறகுதான் நிமிர்ந்து எங்களைத் தேடினார். மகள் "நைனா" என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காது.

துரை தனியாகத் திரும்பி வந்தார். அதற்கு முன்பே தந்தி வந்து எங்களுக்குச் சேதி தெரியும், விவரம் தெரியாது. அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். நைரோபியில் இறங்கியதும் துப்பாக்கிகளைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. லுசாகாவிலிருந்து வரவேண்டிய பேப்பர் வரவில்லை. பிளேன் நாள் வந்துவிட்டது. நீ முன்னால் வந்து பேப்பருக்கு வழி பண்ணு என்று தம்பி சொல்ல, துரை போனார். பெட்டியோடு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் நைரோபியிலேயே தங்கிவிட்டார். தங்கியிருந்த விடுதியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பாஷை தெரியாத ஊரில் என்ன சொல்லி யாரைக் கூப்பிட்டாரோ. விடுதி நடத்திய குஜராத்திக்காரர்கள் டாக்டரைக் கூட்டி வந்தார்களாம். பிறகு அவர்களே தங்கள் சுடுகாட்டில் எரித்தார்களாம்.

"நான் வேட்டைக்குப் போகலை, அம்மா. துப்பாக்கிய வாங்கிக்கினு ஏடன் வழியாவே திரும்பிட்டேன்" என்றார் துரை.

மாமியார் அதுவரை சுவரில் தலை சாய்த்திருந்தவர், எழுந்து உட்கார்ந்தார். "ஏடன் வழியாவா? துப்பாக்கிய எடுத்துக்கலியா அங்க?"

துரை தரையைப் பார்த்தார். "பெட்டிய அவன் தெறக்கக்கூட இல்லை."

சில நாள் கழித்து மகள் மாமியாருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். மாமியார் வாங்கவில்லை. "அந்தக் கையால குடுக்காத" என்றார். குழந்தை தன் கையைப் பார்த்தது. தம்ளரை இடது கைக்கு மாற்றி நீட்டியது. மாமியார் வாங்கிக் குடித்தார்.

அதிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. தண்ணீர், வெற்றிலை, எண்ணெய்க் கிண்ணம், எதுவானாலும் இடது கை. மாமியாருக்கு மட்டும் என்று இருந்தது மெல்ல எல்லாவற்றுக்கும் ஆனது. வலது கையைப் பாவாடைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடப்பாள். நான் ஒரு தடவை கேட்டேன். "கொழந்தை இன்னா பண்ணும், அத்தே? நாமதான எடுக்கச் சொன்னோம்."

"தெரியுதுமே. எனக்குத் தெரியாதா? அந்தக் கையப் பாத்தா எனக்கு எம் புள்ள ஞாபகம் வருது. நான் எங்க போயி சண்ட போடுவேன்? அந்த ஊரு எந்தப் பக்கம் கீதுன்னாவது எனக்குத் தெரியுமா?" என்று அழுதார். நான் திரும்பப் பேசவில்லை. இருக்க இடம் கொடுத்ததும் அவர்தான். இரவில் என் மகளைப் பக்கத்தில் போட்டுத் தட்டித் தூங்கவைத்ததும் அவர்தான்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னாம்மா, பொண்ணு பீச்சாங்கையாலயே எழுதுது. அடிச்சாலும் மாத்த மாட்டேங்குது."

"அடிக்காதீங்க சார். அது எழுதட்டும்" என்றேன். காரணம் கேட்டார். எப்படிச் சொல்வது? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துரை வீட்டை விற்றுவிட்டு பெங்களூர் போனார். மகள் பத்தாவது வரை இடது கையால் எழுதிப் பாஸ் செய்தாள். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தேன். தாலி கட்டியதும் தட்டிலிருந்து அட்சதை வாங்க இடது கையை நீட்டிவிட்டு, எல்லாரும் பார்க்க, வெட்கத்தோடு மாற்றினாள்.

மாமியார் படுக்கையில் விழுந்து நினைவு தப்பியபோது அவளை வரவழைத்தோம். உறவெல்லாம் வரிசையாக நின்று வாயில் பால் ஊற்றினார்கள். மகள் முறை வந்தது. அவள் உட்கார்ந்து, பால் புகட்டும் பாலாடையை இடது கையில் எடுத்தாள்.

"சோத்துக் கையால ஊத்துமே. சாவப்போற ஒடம்புக்கு பீச்சாங்கையாலயா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி அதட்டினாள்.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆயாவுக்கு இந்தக் கைல வாங்கித்தான் பழக்கம்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. வலது கையால் மாமியாரின் தாடையைப் பிடித்து, வாயைச் சிறிது திறந்து, இடது கையால் ஊற்றினாள். கொஞ்சம் உள்ளே போனது. மிச்சம் கழுத்தில் வழிந்தது.