அண்ணனுக்கு நான் சொன்ன தப்பு அளவு

என் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் ராயபுரத்தில். வீட்டுக்கு வந்தாலும் இருபது பேருக்குக் குறைவாக அவருக்குச் சமைக்கத் தெரியாது. நாலு பேருக்குச் சாம்பார் வைக்கச் சொன்னால் தெருவே கிண்ணத்தோடு வந்து நிற்கும். "கை அப்டியே பழகிகீது, நான் இன்னா பண்றது?" என்று சிரிப்பார்.

யாரோ இரண்டு நாட்டுக்காரர்கள் போட்டுக்கொண்ட சண்டையில், எந்தப் பக்கமும் சேராத அவருடைய கப்பலின் மேல் ஏவுகணை விழுந்தது. மேல்தளத்தில் இருந்தவர்கள் படகில் ஏறிவிட்டார்கள். அண்ணன் கீழே அடுப்படியில் இருந்தார். கப்பல் மூழ்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கடலோரத்தில் ஒரு உடல் ஒதுங்கியது. அவர்தானா என்று பார்க்க உடன்பிறந்தவனான என்னை மரபணுப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஊசி போடுவார்கள் என்று நினைத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுந்தேன். ஐம்பது வயது, எண்பத்தெட்டு கிலோ. தூக்கியவர்கள்தான் பாவம். கடைசியில் பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறம் தடவினார்கள், அவ்வளவுதான். பொருந்திவிட்டது.

அண்ணி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசியா பேசசொல்லோ போன் பாதில கட்டாயிட்சி, நைனா. சொல்லவேண்டியதெல்லாம் அப்டியே நிக்குது. பொட்டி மூடிகினு வந்தாலும் பரவால்ல. அவராண்ட நான் கொஞ்ச நேரம் தனியா பேசணும்."

"அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

விமானம் தாமதம். பெட்டி வீட்டில் இருந்ததே கால் மணி நேரம். அதற்குள் கூட்டம், ஒப்பாரி. ஆளாளுக்கு அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுததில் அவரால் பெட்டியின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்கவேண்டும் என்று சித்தப்பா விரட்டினார். வண்டி கிளம்பும்போது அண்ணியும் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளைங்க அங்க வர்ற வழக்கமில்லம்மா" என்றார் சித்தப்பா.

"கப்பல் மேல குண்டு வுழறது மட்டும் வழக்கமா மாமா?"

சித்தப்பா வண்டிக் கதவைச் சாத்தினார்.

எங்கள் வீட்டில் புதைப்பதுதான் பழக்கம். மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. நாங்கள் ஆறு பேர் பெட்டியை இறக்கப் போனோம். அது குழிக்குள் போகவில்லை. குறுக்கே பாலம் மாதிரி நின்றது.

குழி வெட்டியவர் என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, காலைல போன்ல அளவு கேட்டா அஞ்சடி மூணு அங்குலம்னு சொன்ன?"

"அது... அண்ணனோட உயரம்."

"நான் பொட்டியோட அளவக் கேட்டேன்!"

தையற்காரரிடம் பேண்ட்டுக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டுப் பெட்டி ஏழடிக்கு மேல். மற்ற ஐந்து பேரும் என்னைத் திட்டினார்கள். அந்தக் குழி என் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. இறங்கிப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

பெட்டியை வேப்பமர நிழலில் வைத்தோம். குழியை நீட்ட இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுக் கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டது. அண்ணி பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார், ஒரு கையை மூடியின் மேல் வைத்தபடி.

நான் தள்ளித்தான் நின்றேன். ஆனாலும் காதில் விழுந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, மொட்டைமாடித் தொட்டி ஒழுகுவது, தன் அம்மா மாத்திரையைத் துப்பிவிடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை "சிரிக்காதீங்க" என்று அதட்டினார்.

மண்வெட்டியும் டேப்புமாகக் குழி வெட்டியவர் மேலே வந்தார். "ஆயிட்சி, எறக்கலாம்."

அண்ணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் டேப்பை வாங்கிக் குழியை நானே அளந்தேன். சரியாக இருந்தது. தாராளமாகவே இருந்தது.

"அரையடி பத்தாதே" என்றேன்.

அவர் டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மரத்தடியைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாத்த, தலமாட்டுல கம்மியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழிக்குள் இறங்கினார்.