வாய் திறக்காமல் நின்ற காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு ஜோகுபாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. அப்போது நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், போனில் வரும் புகார்களைக் கேட்கும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்குகிற வேலை. அதே கம்பெனியில், எங்கள் சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கி எழுதும் பிரிவில் ஒரு இடம் காலியானது. அங்கே போய்விட்டால் காதுக்காவது நிம்மதி என்று விண்ணப்பித்தேன்.

தேர்வு சுலபமாகத்தான் தெரிந்தது. வீட்டில் உள்ள ஏதாவது ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கக் கட்டுரை எழுத வேண்டும். நான் எங்கள் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டேன்.

காவிரித் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் காலையில் குழாயில் வந்து, தரைக்கடியில் இருந்த சம்ப்பில் விழும். மோட்டார் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். அங்கே இரண்டு டேங்க். சின்னது சமையலுக்கும் குடிக்கவும். பெரியது குளிக்க, துவைக்க. பெரியதற்கு போர்வெல் தண்ணீரே போதும். ஆகவே மோட்டார் போடும் முன் சின்ன டேங்க்கின் வால்வைத் திறந்து, பெரியதன் வால்வை மூடிவிட வேண்டும். நான் ஆபீஸ் போகும் நாட்களில் இந்த வேலை மாடி போர்ஷனில் இருந்த பெண்ணுக்கு. தேனிப் பக்கத்துப் பெண், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அவள் செய்தால் பாதி நாள் தப்பாகிவிடும். அந்த வாரம் இரண்டு குடும்பமும் காவிரியில் குளித்துவிட்டு, கேன் தண்ணீர் வாங்கிச் சமைப்போம்.

“வால்வப் பார்த்துப் போடும்மான்னு எத்தன தடவ சொல்றது” என்பேன். “சரிக்கா” என்று போய்விடுவாள். அசட்டை என்றுதான் நினைத்திருந்தேன்.

கட்டுரையை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஆனால் உள்ளே இருந்தது வாணியம்பாடியில் பள்ளிக்கூடத்தில் படித்த அதே முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நதிகளின் பெருமையோடு ஆரம்பித்து, நடுவில் பொறுப்பில்லாதவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லி, நீரைக் காப்போம் என்று முடித்திருந்தேன். இப்படி எழுதித்தான் பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பிரிவுக்கு விண்ணப்பித்த எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என் வயதுக்காரர். பெங்களூரு காக்ஸ் டவுனில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் கன்னடம் கலந்து வரும். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எக்ஸ்பிளனேஷன் இல்லரீ, கம்ப்ளெய்ண்ட். இத வெச்சு ஒரு பக்கெட் தண்ணி மேல ஏத்த முடியுமா?”

எனக்குச் சுருக்கென்றது. திரும்ப எழுதச் சொன்னார். ஒரு நிபந்தனையும் போட்டார். விஷயம் சரியாகத் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அதைப் பார்த்தே செய்யச் சொல்ல வேண்டும். எழுதியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அதில் தேறினால்தான் திங்கட்கிழமை தாளைக் கொடுக்கலாம்.

நதியையும் புத்திமதியையும் வெட்டியதில் தாள் பாதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காவிரி வந்தது. மாடிப் பெண்ணைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே குழாய்கள் இருந்த இடத்துக்கு வந்தாள். ஒரு வால்வின் கைப்பிடியைத் தொட்டாள். அப்படியே நின்றாள்.

“அக்கா, இது இப்பத் தொறந்திருக்கா, மூடியிருக்கா?”

பதில் நுனி நாக்கில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி குழாயோடு படுத்திருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று தாளில் எங்கும் இல்லை. தாளில் மட்டுமா, ஒரு வருடமாக என் வாயிலிருந்தும் அது வரவில்லை. எனக்குக் கை தானாகப் போய்விடும். அவளோ ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகத் திருப்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

தாளை வாங்கி, அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துக் கொடுத்தேன். படித்தாள், ஒன்றைத் திருப்பினாள், இன்னொன்றைக் குறுக்கே வைத்தாள், மோட்டாரைப் போட்டாள். மேலே சின்ன டேங்க்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“இவ்வளவுதானாக்கா?” என்றாள். தாளை மடித்து என்னிடம் கொடுத்துக்கொண்டே, “நீங்க இத்தன நாளும் திட்டத்தான் செஞ்சீங்க, சொல்லவே இல்லயே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தாளைக் கொடுத்தேன், இடம் கிடைத்தது. போனில் என்னைத் திட்டியவர்களில் பாதிப் பேருக்கும் எந்தப் பக்கம் திருப்புவது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்களோ என்று அதன் பிறகுதான் தோன்றியது. இப்போதும் நான் சொன்னதை யாராவது தப்பாகச் செய்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் வாயைத் திறக்கும் முன், அவர்களுக்கு நான் சொன்னேனா, திட்டினேனா என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.