அருண்ராஜுக்காக அடித்த கார்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் சொல்லும் எதையும் எங்கள் பேராசிரியரும் நம்புவதில்லை. ஆனால் நேரங்களில் ஒரு நிமிடம்கூட நான் கூட்டிக் குறைக்கவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில், ஓய்வுபெற்ற ஒருவர் தன் செலவில் நடத்தும் சின்ன அருங்காட்சியகம். பம்ப் ஸ்டவ், டிபன் கேரியர், டயல் போன், இஸ்திரிப் பெட்டி என்று நம் வீட்டுப் பரணில் கிடப்பதெல்லாம் அங்கே கண்ணாடிக்குள் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். உள்ளே நுழைந்ததும், ஜன்னலில்லாத நடையில், சாவி கொடுத்து ஓட்டும் ஒரு பழைய வருகைக் கடிகாரம். ஏதோ ஒரு பட்டறையில் ஷிஃப்டுக்குக் கார்டு அடித்த கடிகாரம். பார்வையாளரும் உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை அடிக்க வேண்டும். அந்தக் கார்டைக் காட்டினால் எங்கள் பேராசிரியர் மூன்று நாள் வருகை போட்டுக் கொடுப்பார்.

அந்த மூன்று நாள் இல்லையென்றால் என் நண்பன் அருண்ராஜுக்குப் பரீட்சையே இல்லை. அவனோ முத்தாண்டிக்குப்பத்தில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தான்.

"மச்சான், எனக்கும் ஒண்ணு அடிச்சிடுடா" என்று காலையிலேயே சொல்லிவிட்டான். மூன்று வருடமாக ஒருவருக்கொருவர் ப்ராக்ஸி கொடுத்து வளர்த்த நட்பு.

"ரெண்டு கார்டா? இன்னொருத்தர் எங்க?" என்றார் பொறுப்பிலிருந்த மாணிக்கம்மாள்.

"வண்டிய நிறுத்திகினு இருக்கான்க்கா."

"சரி. உள்ள அடிச்சவங்க வெளிய அடிக்காம போவக் கூடாது. ஆமா."

3:12. டங். எனக்கு.

3:12. டங். அருண்ராஜுக்கு.

கார்டுகளைச் சுவர்ச் சட்டத்தில் செருகினேன். காட்சிக்கென்று வைத்திருந்த பழைய கார்டுகளுக்குப் பக்கத்தில்.

3:40. ரேடியோ அறையில் நான் மட்டும். அடுத்த அறையில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... பைக்கில் விழுந்ததிலிருந்து அருண்ராஜ் இடது காலை இழுத்துத்தான் நடப்பான். வந்துவிட்டானா? எட்டிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

4:20. மாணிக்கம்மாள் எதிரே வந்தார்.

"ஒங்க சிநேகிதர் என்னாங்க, பேசவே மாட்டங்கிறாரு? செவுத்தப் பாத்துகினே நிக்கிறாரு."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ஒவ்வொரு அறையாகத் தேடினேன். சத்தம் எப்போதும் அடுத்த அறையிலேயே இருந்தது.

4:51. அருண்ராஜுக்குப் போன் போட்டேன். அவன் அம்மா பொற்கொடி எடுத்தார்.

"மூணே காலுலேருந்து எழுப்பிகினே இருக்கேன்பா... கண்ணு தெறந்துதான் இருக்கு. மூச்சு வருது. ஆனா ஆளு உள்ள இல்லாத மாதிரி இருக்குபா..."

கடிகாரத்துக்கு ஓடினேன்.

விளக்குகள் அணைந்தன. மூடும் நேரம். மாணிக்கம்மாள் மெயினை அணைத்துவிட்டார்.

நடையில் கும்மிருட்டு. சட்டத்தைத் தடவினேன்.

கார்டு.

4:58.

டங்.

என் தோளை உரசிக்கொண்டு யாரோ வெளியே போனார்கள். தட்... தட்... பூட்ஸ் சத்தம்.

அதைத் திரும்பச் செருகிவிட்டு, என் கார்டையும் தடவி எடுத்து அடித்தேன். உடனே போன்.

"எழுந்துட்டான்பா!" பொற்கொடி அழுதார். நானும்தான். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

மறுநாள் காலை 10:05. மாணிக்கம்மாள் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க சிநேகிதர் வெளிய அடிக்கவே இல்லியே?"

ஓடினேன். அருண்ராஜின் கார்டை உருவிப் பார்த்தேன். உள்ளே, 3:12. வெளியே...

காலி.

பக்கத்தில் மஞ்சளேறிய ஒரு பழைய கார்டு. பெயர், தங்கராசு. உள்ளே அடித்தது மங்கிப் போயிருந்தது. வெளியே, 4:58. புது மை.

"இவரு யாருக்கா?"

"ஷிஃப்டு நடுவுல நெஞ்சு வலின்னு சாஞ்சவரு. வெளிய அடிக்காமலே போயிட்டாரு. நாப்பது வருசம் இருக்கும்."

அருண்ராஜின் கார்டைக் கடிகாரத்தில் வைக்கப் போனேன்.

போன் அடித்தது. அருண்ராஜின் எண். அவன் குரல்தான். ஆனால் அவன் என்னை ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"அந்தக் கார்ட அடிக்காதீங்க தம்பி. நான் இப்பதான் வூடு வந்து சேந்திருக்கேன்."