பட்டறைக்கு மேல் வீடு

உள்ளறையில் டேப்பைச் சரக்கென்று இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். கணவர் ஜன்னல் இடுக்குகளை ஒட்டுகிறார் என்றால், கீழே பட்டறையில் காருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அவளும் அடுப்படி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. இனிக் கீழே வேலை முடியும்வரை இந்த வீடு மூடி போட்ட பானைதான்.

உள்ளே போய்ப் பார்த்தாள். நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். இறங்குங்கள், நான் ஒட்டுகிறேன் என்றதற்கு, இந்த வேலையையாவது செய்ய விடேன் என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட கை அது!

அந்த வட்டாரத்தில் அவருக்குக் கண்ணாடி மாஸ்டர் என்று பெயர். அவர் பெயிண்ட் அடித்த கார்க் கதவில் முகம் பார்த்து மீசை திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். நசுங்கிய வண்டியில் ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்தாலும், எது பழசு, எது புதுசு என்று வண்டிக்காரருக்கே தெரியாது. வெயிலில் ஒருமுறை பார்ப்பார், நிழலில் ஒருமுறை பார்ப்பார், கலரைக் கலந்துவிடுவார். மாமா மட்டும் கள்ளக் கையெழுத்துப் போடக் கிளம்பினால் ஊரில் ஒருத்தன் சொத்தும் தங்காது என்று மைத்துனன் கேலி செய்வான்.

மைத்துனன் என்பது அவள் தம்பி. தாய் கண்ணை மூடியபோது அக்காவின் இடுப்பில் இருந்த குழந்தை. அவளுக்குக் கல்யாணமானபோது அவனும் கூடவே வந்தான். சீர்வரிசையில் கைகால் முளைத்து வந்தது இது ஒன்றுதான் என்று மாஸ்டர் சிரிப்பார். வளர்ந்து பட்டறை வைத்தான். அதற்கு மேலேயே அக்காவுக்கு வீடு கட்டினான். நீ மேலே இருந்தால் நான் கீழே தைரியமாக இருப்பேன் என்றான். அன்று அவள் ஆனந்தத்தில் அழுதாள். அந்த அன்பே ஒருநாள் எலிப்பொறி ஆகும் என்று யார் கண்டது?

கார்ப் பெயிண்ட் இறுகிப் பளபளக்க, அதில் ஹார்டனர் என்றொரு திரவம் கலப்பார்கள். ஐசோசயனேட் என்ற பொல்லாத ரசாயனம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. பெயிண்டைத் தூவும் ஸ்ப்ரே கன்னைப் பிடித்து அடிக்கும்போது பனிப்புகை போல எழும். மூச்சோடு உள்ளே போய்விடும். பட்டறைக்காரர்கள் அதற்கு ஒரு முறிமருந்து வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் பால். பால் குடித்தால் பெயிண்ட் விஷம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். முகத்தில் கைக்குட்டை, வயிற்றில் பால் என்று மாஸ்டர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

முதலில் சாயங்கால இருமல் வந்தது. விடுமுறையில் இருமாது, கன்னைத் தொட்ட நாளில் நெஞ்சுக்குள் பூனை கத்தும். ஏதோ தூசி என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் பம்பர் ஒன்றுக்கு அடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே முழங்காலில் விழுந்து காற்றுக்குத் தவித்தார்.

ஆஸ்பத்திரியில் பால் கதையைக் கேட்டு டாக்டரம்மா சிரித்தார்.

"பால் போறது வயித்துக்கு. பெயிண்ட் போறது நுரையீரலுக்கு. ரெண்டும் வேற வேற தெரு, மாஸ்டர்."

அப்புறம் சொன்னதை அவர் சிரிக்காமல் சொன்னார். உடம்பு அந்த ரசாயனத்தைப் பகையாளியாக அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. இனி மூக்குக்கே தெரியாத அளவு போதும், மூச்சுக்குழாய் இறுகிவிடும். இறுகியது திறக்காமலும் போகலாம். எந்த முகமூடி போட்டுக்கொண்டும் திரும்பிப் போகக்கூடாது.

பட்டறையை விட்டார். ஆனால் பட்டறை அவரை விடவில்லை. கீழே காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி நேராக இந்த ஜன்னலைத்தான் பார்த்திருந்தது. அதைக் கூரைக்கு மேலே திருப்பு என்று அவள் சொன்னபோதெல்லாம், வாசனையே வரவில்லையே அக்கா என்றான் தம்பி. வேறு வீடு போகலாம் என்று கணவரிடம் கெஞ்சினாள். அவனைத் தனியாக விட்டுவிட்டு உன்னால் இருக்க முடியுமா என்று அவர் கேட்டார். ஒரு கண்ணில் கணவன், ஒரு கண்ணில் தம்பி. எதைக் குத்திக்கொள்வாள்?

கதவு தட்டப்பட்டது. தம்பிதான். காலையில் ஒரு வண்டி அடித்து முடித்த சட்டையோடு வந்து நின்றான். தோளிலும் தலைமுடியிலும் வெள்ளைப் பெயிண்ட் பொடி. ஒரு கையில் பால் டம்ளர், மறு கையில் புது முகமூடி.

பால் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். வாடகைக் கார் நடத்துபவர் ஒருவர் தன் வண்டிகளை எல்லாம் முத்து வெள்ளைக்கு மாற்றக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை அடித்தும் கதவு ஒரு வெள்ளை, கூரை ஒரு வெள்ளை. அடுத்த வண்டியும் அப்படியே போனால் ஆள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். மாமா கன்னைத் தொட வேண்டாம், கலந்து மட்டும் கொடுத்தால் போதும்.

"இந்த மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு தின்னர் டப்பாவுக்கு மேலே குனிஞ்சு பாத்தேன் மாமா. துளி வாசனை இல்லே."

"அதுதான்டா பயம்," என்றாள் அவள். "வாசனை தின்னரோடது. ஹார்டனர் சொல்லிட்டா வரும்? உனக்கே இது பத்தாது. வெளிக்காத்தைக் குழாய் வழியா உள்ளே விடுற முகமூடிதான் போடணும்னு டாக்டரம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க."

"அக்கா எப்ப மாமா டாக்டருக்குப் படிச்சா?"

மாஸ்டர் சிரித்தார். ஆனால் அவர் கண்ணில் வெகுநாளாக அணைந்துகிடந்த ஒன்று எரிந்தது. எந்த வண்டி, அடியில் என்ன கலர் என்று கேட்டார். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சின்னக் குழந்தை மாதிரி அவளைப் பார்த்தார்.

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்கப் போறீங்களா?"

அவர் காதில் அது விழவில்லை. தம்பி மாமாவின் தோளை அணைத்தபடி முகமூடியை மாட்டி, பின்னால் வாரை இறுக்கினான்.

சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாஸ்டர் அதைக் கழற்றி மடியில் வைத்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். தோள்கள் மேலே ஏறின, இறங்கவில்லை.

"நடிக்காதீங்க மாமா," என்று சிரித்தவன், அவர் உதடுகள் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

அவள் இன்ஹேலரோடு ஓடிவந்தாள். பெயிண்ட் அடிக்கிறவன் இங்கே இருக்கும்போது கீழே என்ன புகை? ஜன்னல் டேப்பைப் பிய்த்து எறிந்து திறந்தாள். கீழே இப்போது கன்னே ஓடவில்லையே, எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வந்தது என்று தம்பி உளறினான். மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக் குனிந்தான்.

"தொடாதே," என்றாள் அவள். "உன் சட்டையிலதான்டா இருக்கு. நீ தூக்கினா அவர் செத்துடுவார்."

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பின்பக்கமாகவே நடந்து வாசல் வரை போய்ச் சுவரில் ஒட்டி நின்றான். வளர்த்த கையே தன்னைத் தள்ளி நிறுத்தியதில் அவன் முகம் குழந்தையாகிவிட்டது. அவள் அதற்குமேல் அவன் பக்கம் திரும்பவில்லை. மறுபடி மருந்தை அழுத்தினாள். அவர் முதுகைப் பிடித்து நிமிர்த்தி, ஜன்னலுக்கு நேராக உட்கார வைத்தாள். மெல்ல, மெல்ல, தோள்கள் இறங்கின.

பேச்சு வந்ததும் மாஸ்டர் முகமூடியைத் தரையில் வைத்து, காலால் வாசல் பக்கம் நகர்த்தினார்.

"நான் வரலே மாப்ளே. அந்த ஆள் வேற பட்டறைக்கே போகட்டும்."

அவன் தலையாட்டினான். இன்றைக்கு அடிக்கவில்லை, பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றான். ஆஸ்பத்திரிக்குப் போக, தெருவில் வேறு யாரையாவது விட்டு ஆட்டோ அனுப்புகிறேன் என்றும் சொன்னான்.

"நாளைக்கு?" என்று கேட்டாள் அவள்.

அவன் கீழே பட்டறைப் பக்கம் பார்த்தான். அவனை நம்பிக் கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்று அவளுக்கும் தெரியும்.

"குளிச்சிட்டு, வேற சட்டை போட்டுக்கிட்டு வரட்டுமாக்கா?"

"தலையையும் நல்லா அலசு. இன்னிக்கு வராதே."

"சாப்பாடு?"

பிறந்ததிலிருந்து அவள் கையால் சாப்பிட்டவன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"படியில வைக்கறேன்."

கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தியவன், சட்டைக் கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான். முகமூடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ஒவ்வொரு படியிலும் அக்கா கூப்பிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ, மெதுவாகத்தான் போனான். அவள் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.