பட்டிப் பொங்கலன்று நடந்த குதிரை

மார்கழி விடியலில் குதிரைக்குக் கடிவாளம் மாட்டுவதற்கு முன்னால் கருப்பாத்தாள் செய்கிற வேலையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் குறைவு. கடிவாளத்தின் இரும்பை முந்தானையில் சுற்றி, இரண்டு கைக்குள்ளும் பொத்தி, குளிரில் விறைத்த குழந்தையின் பாதத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏனம்மணி, குதிரைக்கு வளையல் பூட்டறயா?" என்பார்கள் வாய்க்கால் பாதையில் போகிறவர்கள்.

"வெடியால வெடியால உங்க வாயில பச்சை இரும்பைத் திணிச்சுப் பார்த்தாத் தெரியுமுங்க," என்று அவளும் விடமாட்டாள்.

சிட்டு என்ற அந்தச் சிவப்பு மட்டக்குதிரை முதலில் முரட்டுக்குதிரை என்றுதான் பேர் வாங்கியிருந்தது. கடிவாளத்தைக் கண்டாலே தலையை உதறும். கருப்பாத்தாளின் கணவன் காளிச்சாமி சாட்டையைக் கூட எடுத்துப் பார்த்துவிட்டான். ஒரு நாள் விடியலில் அந்த இரும்பு தற்செயலாக அவளுடைய கன்னத்தில் பட்டது. வெள்ளியங்கிரி மலையின் குளிரெல்லாம் அதற்குள் இறங்கியிருந்தது. "நானா இருந்தாக் கடிச்சே வெச்சிருப்பேன்," என்றாள். மறுநாளிலிருந்து இரும்பு அவள் முந்தானைக்குள் போயிற்று. சிட்டுவும் வாயைத் திறந்து கொடுத்தது.

பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. டவுன் ஜட்கா வண்டிகளுக்குக் குதிரை கிடைக்காமல் தரகர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். காளிச்சாமியோ ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தைக்கு எருது பிடிக்கப் போய், குதிரையோடு திரும்பியவன். பிள்ளையில்லாத கருப்பாத்தாள் அன்றைக்கே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குடும்பத்துக்குப் பெரியவர், காளிச்சாமியின் அண்ணன் பாலுசாமி. அவருக்கு இது பொறுக்கவில்லை.

"உழவுக்கும் ஆகாது, கவலை ஓட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கவும் ஆகாது. கொள்ளு மட்டும் மூட்டை மூட்டையா உள்ள போகுது. பூப்பறிக்கிற நோம்பிக்குப் பேரூர் ஓட்டத்துல இது முன்னால வந்தா நம்மகிட்ட இருக்கட்டும். இல்லாட்டி அன்னிக்கே ஜட்காக்காரன் கையில புடிச்சுக் குடுத்தரலாம்," என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

தை மூன்றாம் நாள் வரும் அந்த நோம்பிப் பண்டிகையன்று, தொண்டாமுத்தூரிலிருந்து பேரூர் வரை சுற்று வட்டார வண்டிக்குதிரைகள் ஓடும். ஓட்டுவது காளிச்சாமி. ஓடத் தயார் செய்வது தன் பொறுப்பு என்று கருப்பாத்தாள் எடுத்துக்கொண்டாள்.

கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்த குதிரையை உடனே ஓடவிடமாட்டாள். அதன் இடுப்பின்மேல் கம்பளியைப் போர்த்தி, நொய்யலை நோக்கிப் போகும் மணல் பாதையில் தானும் கூடவே நடப்பாள். அதன் மூச்சிலிருந்து வரும் ஆவி சீராகி, காதோரம் சூடு ஏறிய பிறகுதான் கம்பளியை உருவிக்கொண்டு காளிச்சாமியிடம் வண்டியில் பூட்டக் கொடுப்பாள். மெதுவோட்டம், பிறகு பாய்ச்சல், திரும்பி வரும்போது மறுபடி நடை. வீடு வந்ததும் வைக்கோலை முறுக்கி வியர்வை காயும் வரை தேய்ப்பாள். தொட்டித் தண்ணீரைக் காட்டமாட்டாள். விடியலில் கிணற்றில் சேந்திய தண்ணீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும். வாரத்துக்கு வாரம் பாய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. சிட்டுவின் தொடை, வார்த்தெடுத்ததுபோலத் திரண்டது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்கழி அமாவாசை வந்தது. அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் ஏர் பூட்டமாட்டார்கள், மாடுகளுக்கு ஓய்வு. சிட்டுவுக்கும் அப்படியே ஓய்வு கொடுத்தார்கள். 'சும்மாதானே நிற்கிறது, வயிறாரத் தின்னட்டும்' என்று கருப்பாத்தாளே கொள்ளை வழக்கத்தைவிட ஒரு கை கூட வைத்தாள். மறுநாள் கடுங்குளிர். ஒரு நாள் வீணாகிவிட்டதே என்று காளிச்சாமி எடுத்த எடுப்பில் விரட்டினான். வாய்க்கால் பாலம் தாண்டவில்லை. குதிரையின் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. அந்தக் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. முதுகைத் தொட்டால் ஆட்டுக்கல். பெய்த மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறம்.

"கண்ணுப் பட்டுப்போச்சு," என்று பாலுசாமி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

ஓடி வந்த கருப்பாத்தாள் அசையவிடாமல் குதிரையை அங்கேயே கம்பளியால் மூடி நிறுத்தினாள். மெல்ல வீடு சேர்த்த பிறகும், அது தேறுகிற வரை கட்டுத்தறியிலேயே உட்கார்ந்து யோசித்தாள். எருதும்தானே அமாவாசைக்குச் சும்மா நின்றது? அதற்கு ஒன்றும் ஆகவில்லையே. எருது தின்றது வைக்கோல். இது தின்றது கொள்ளு. ஓடி எரிக்க வேண்டிய சூடு உள்ளேயே நின்றுபோய்ச் சதையைக் கட்டிவிட்டது.

"ஏனுங்க, கொள்ளுத் தின்னா ஓடோணும். ஓடாத நாளைக்குக் கொள்ளு ஆகாதுங்க. தின்னுபோட்டு ஒரே எடத்துல நிக்கவும் கூடாதுங்க," என்றாள் கணவனிடம்.

"அதுக்கென்ன, இனி நிறுத்தாமப் பார்த்துக்கலாம்," என்றான் அவன். ஆனால் ஓட்டத்துக்கு முந்தின நாள், கால்நடைகளைப் பூட்டாமல் ஊட்டிவிடும் பட்டிப் பொங்கல் என்பது அப்போது இருவருக்கும் நினைவில்லை.

அன்றைக்குப் பட்டியில் மாடுகளெல்லாம் குளித்து, கொம்பில் வர்ணம் பூசி நின்றன. பாலுசாமி வாழையிலையில் வெல்லப் பொங்கலும் வேகவைத்த கொள்ளும் வைத்துச் சிட்டுவிடம் கொண்டுபோனார். கருப்பாத்தாள் குறுக்கே நின்றாள்.

"வேண்டாமுங்க மாமா. இன்னிக்கு அதுக்குப் பில்லு மட்டும் போதுமுங்க. நான் அதைய ஆத்துப் பக்கம் நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

"என்ன பேச்சு அம்மணி இது! பட்டிப் பொங்கலன்னிக்கு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டு வேலையும் வாங்குவயா? பட்டி வெளங்குமா?"

"பூட்ட மாட்டேனுங்க. வண்டியில்ல, கடிவாளமில்ல. சும்மா நடக்கறதுதானுங்க."

"கொம்பில்லாததெல்லாம் பட்டியில சேத்தியா அண்ணா?" என்று காளிச்சாமி சிரித்து மழுப்பப் பார்த்தான்.

"நீ பேசாத. நாளைக்கு இது நடுவழியில நின்னுச்சுன்னா, நோம்பியன்னிக்குப் பட்டினி போட்டுக் குதிரையைக் கெடுத்த மருமகள்னு ஊரே சொல்லும். அதையும் கேட்டுக்கோணும் அம்மணி."

"கேட்டுக்கறேனுங்க," என்றாள்.

மஞ்சள் நீரில் நனைத்த கயிற்றைச் சிட்டுவின் கழுத்தில் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஊர் நடுவே நடத்திக்கொண்டு போனாள். பொங்கல் பானையைச் சுற்றி நின்றவர்கள் விட்டுவைப்பார்களா?

"கருப்பாத்தா, பொண்ணைச் சீர் குடுத்து அனுப்பறயா?"

"ஆமாமுங்க, நாளைக்குப் பேரூர்ல கண்ணாலம். எல்லாரும் வந்துருங்க!" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் ஆற்று மணலில் தனியாக நடக்கையில் குதிரையின் முதுகை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் பனி விலகுமுன் அவளும் பாலுசாமியும் மாட்டு வண்டியில் பேரூர் வந்து சேர்ந்தார்கள். பாலுசாமி சொல்லி அனுப்பியிருந்த ஜட்காத் தரகர் கண்ணையா அங்கே காத்திருந்தார். மாலையும் தட்டுமாக ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள். கருப்பாத்தாள் கையில் கம்பளி மட்டும்.

முதலில் வந்தது ஒரு சைக்கிள். அதில் வந்தவர் மூச்சு வாங்கக் கத்தினார்: "ராசப்பன் வெள்ளைக்குதிரை பாதி வழியில நின்னுபோச்சு! ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேங்குது!"

போன வருஷம் ஜெயித்த குதிரை அது. முந்தின நாள் பூராவும் கட்டிப் போட்டுப் பொங்கலும் கொள்ளுமாக ஊட்டியதை ராசப்பனே பெருமையாகச் சொல்லியிருந்தான்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. கருப்பாத்தாள் சைக்கிளை மறித்தாள். "அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க சாமி! முதுகு கட்டிக்கிட்டிருக்கும். போர்த்தி, அங்கயே நிக்க வெக்கச் சொல்லுங்க. ஓடுங்க!" சைக்கிள் வந்த வழியே திரும்பியது. பாலுசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் புழுதி. புழுதிக்குள் சிவப்பு. சிட்டு காதை விடைத்துக்கொண்டு, ஆவி பறக்க, பின்னால் வந்த வண்டியை வெகுதூரம் விட்டுவிட்டு வந்தது. காளிச்சாமி எழுந்து நின்று ஓட்டினான். சாட்டை இடுப்பிலேயே இருந்தது.

குடத்துத் தண்ணீரோடு பாய்ந்தார்கள் இளவட்டங்கள். "தள்ளுங்க! பச்சைத் தண்ணி ஆகாது!" என்று கருப்பாத்தாள் அவர்களை விலக்கினாள். வண்டியை அவிழ்க்கச் சொல்லி, கம்பளியைப் போர்த்தி, குதிரையை நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"மாலை போடோணும் அம்மணி, நில்லு," என்றார் ஒரு பெரியவர்.

"வேர்வை காயட்டுமுங்க."

மாலையை ஏந்தியபடி பெரியவர்கள் நின்றார்கள். கருப்பாத்தாள் ஆலமரத்தைச் சுற்றிக் குதிரையோடு நடந்துகொண்டே இருந்தாள். மேளக்காரர்களும் வேறு வழியில்லாமல் அந்த நடைக்குத் தகுந்தபடி மெதுவாக வாசித்தார்கள்.

கண்ணையா பாலுசாமியை நெருங்கினார். "கேக்கற வெலை தாரேனுங்க. இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிருவேன்."

பாலுசாமி தோளிலிருந்த புது நோம்பித் துண்டை எடுத்தார். நேராக நடந்துபோய், கம்பளி மூடாமல் விட்டிருந்த சிட்டுவின் கழுத்தில் அதைப் போர்த்தினார்.

"என்னைய ஏனுங்க கேக்கறீங்க? குதிரைக்காரி இருக்கறாளே, அவளைக் கேளுங்க," என்றார்.

கண்ணையா கருப்பாத்தாள் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் ஒதுங்கிக்குங்க," என்றாள் அவள், நடையை நிறுத்தாமல். "என்ற குதிரை இன்னும் ஆறலைங்க."