அடையாளம் எழுதிய பக்கம்

சங்கு குளிக்கிறவன் நான். ஆறாம் வகுப்போடு சரி. அக்காள் வீட்டுக்காரர், என் அத்தான், அவருடைய படகில் போகிறேன். மொத்தம் ஐந்து பேர்.

எனக்கென்று ஒரு வெப்சைட் உண்டு. எழுத்து மட்டும். அன்றைய காற்று, தண்ணீர்த் தெளிவு, அடியில் கண்டது. போனிலேயே எழுதி ஏற்றுவேன். யாரும் பார்க்கவில்லை. அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஆசை வந்தது. ஒரே முதலாளி கையில் இல்லாத சமூக வலைத்தளங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு சர்வர் வைத்து ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மண்டையை உடைத்து என் பக்கத்தை அதில் இணைத்தேன். நான் எழுதுவது அங்கெல்லாம் போகும். அங்கே படிக்கிறவர்கள் சொல்லும் பதில் என் பக்கத்துக்கு அடியில் வந்து விழும். முதல் பதில் வந்த அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பாராட்டு பழகிவிட்டது. காற்றும் தண்ணீரும் போதவில்லை. ஒரு நாள் இப்படி எழுதினேன்: ‘கோயில் உச்சிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறையும். இரண்டு புகைக்கூண்டும் ஒன்றாகும். அங்கே குதித்தால் மணல் முழுக்கச் சங்கு.’

கரையில் தெரிவதை இப்படிச் சேர்த்துப் பார்த்துத்தான் கடலில் இடம் பிடிப்போம். அதைப் படகுக்கு வெளியே சொல்வதில்லை. பெண்டாட்டியிடம்கூட. வெறும் மணலில் மாதக்கணக்கில் முங்கி அத்தான் கண்ட இடம் அது. கடலில் கால் நனைக்காதவனெல்லாம் இதயம் போட்டான். நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தான்.

ஐந்தாம் நாள் போனால் எங்கள் இடத்தில் மூன்று படகு. அத்தான் முறைத்தார். அதில் ஒரு படகிலிருந்து ஒருவன் சிரித்துக்கொண்டே கத்தினான்.

“என்ன அண்ணாச்சி, மொறைக்கிய? ஒங்க மச்சினன்தான வெத்தல பாக்கு வச்சு அழைச்சான்!”

அத்தான் திரும்பினார். “ஏலே, நெசமா?”

“ஆமா அத்தான்.”

“அழி.”

படகிலேயே போனைத் திறந்து அதை எழுதிய ஃபைலை நீக்கினேன். “அழிச்சிட்டேன்.”

அவன் தன் போனைத் தூக்கிக் காட்டினான். “இங்கன இருக்கே!”

என் பக்கத்தில்தான் இல்லை. மற்ற சர்வர்களுக்குப் போன நகல் அப்படியே இருந்தது. ஃபைலை நீக்கினால் மட்டும் போதாதாம். ‘இது நீக்கப்பட்டது’ என்று குறித்து, போன வழியிலேயே மறுபடி அனுப்ப வேண்டுமாம். பிறகு அதையும் செய்தேன். சிலது போனது, சிலது போகவில்லை. அதற்குள் படகுகளுக்கு வழி பழகிவிட்டது. ஒரு மாதத்தில் மணல் வெறுமையானது. குட்டிச் சங்கைக்கூட விடவில்லை.

அவர்களைச் சொல்லி என்ன. நாலு பேர் மெச்ச வேண்டும் என்று நாக்கைத் தொங்கப் போட்டவன் நான்.

அத்தான் அடிக்கவில்லை, திட்டவில்லை. வேறு இடம் கண்டார். முதல் தடவை அங்கே போனபோது, துறைமுகம் தாண்டியதும் சொன்னார்.

“ஏலே, கரைக்கு முதுகு காட்டி உக்காரு.”

மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன்.

இன்றும் அப்படித்தான் உட்காருகிறேன். இடம் வந்ததும் “குதி” என்பார். குதிப்பேன். மேலே வரும்போது முகத்தைக் கரை தெரியாத கிழக்கே திருப்பிக்கொண்டு வருகிறேன். அதை அவர் சொல்லவில்லை.